பாலை நிறுத்துவதா, மாத்திரையை நிறுத்துவதா?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் பஸ் ஏறி, அரைநாள் கூலியை விட்டு, வரிசையில் நின்றவர்களின் வாசலுக்கே மாத்திரை வந்து சேர்ந்தது. 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. பரிசோதனைக் கருவிகள் தொழிற்கூடத்துக்குள்ளேயே போயின. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள பெரிய நிறுவனங்கள் பலவும் தாமாகவே ஆண்டுக்கொரு முறை ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கின்றன. நோய் முற்றியபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், மாத்திரை இவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் இடத்தில், அதைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி அடிக்கடி விடுபட்டுப்போகிறது: "குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயாம்மா?"

இந்தத் தொழில் வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. 1980-களில் லாரியும் மொபெட்டும் செய்யத் தொடங்கிய ஓசூரில், இயந்திரத்தின் முன் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று தேன்கனிக்கோட்டைச் சாலையில் இருக்கும் மின்னணு ஆலையில் பெரும்பான்மையோர் பெண்கள். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்களில் பலர் இப்போது திருமணமாகி, பிள்ளை பெற்று, மீண்டும் ஷிஃப்டுக்கு வருகிற வயதில் இருக்கிறார்கள். பிள்ளை பெறும் வயதும் கொழுப்புப் பரிசோதனையும் ஒரே பெண்ணிடம் சந்திக்கும் காலம் இது. நம் அப்பாக்களின் காலத்தில் கொலஸ்ட்ரால் என்பது ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் பேச்சு. இப்போது இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் கையில் அந்தச் சீட்டு இருக்கிறது.

இப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பிரசவம் முடிந்து 26 வாரச் சம்பள விடுப்பும் தீர்ந்து வேலைக்குத் திரும்புகிறாள். பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 240-ஐத் தாண்டியிருக்கிறது. 'இரவு ஒன்று' என்று ஸ்டேட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள். குழந்தை இருப்பதை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வாங்கும் இடத்தில் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "பால் கொடுக்கிறவங்க இதைச் சாப்பிடக் கூடாதே" என்கிறார். அன்றிரவு வீட்டில் மூன்றில் ஒன்று நடக்கும். பயத்தோடு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுப்பாள். அல்லது மாமியார் சொல்லிப் பாலை நிறுத்திவிட்டு டப்பா வாங்குவார்கள். அல்லது மாத்திரை அலமாரியில் கிடக்கும், அடுத்த வருஷம் டாக்டர் கேட்டால் "சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்பாள். மூன்று முடிவுகளில் எதையும் மருத்துவர் எடுக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் அந்த 240-ஐப் பார்ப்போம். கருவுற்ற பெண்ணின் உடலில் கொழுப்பு ஏறுவது நோயில்லை, ஏற்பாடு. குழந்தையின் செல் சவ்வுகளுக்கும், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களுக்கும் கொலஸ்ட்ரால்தான் மூலப்பொருள். அதனால் கடைசி மூன்று மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதி அளவுகூட உயரும். டிரைகிளிசரைடு இரண்டு, மூன்று மடங்காகும். பிரசவம் ஆனதும் இது ஒரே நாளில் இறங்கிவிடாது. வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் இறங்கும். பால் கொடுப்பவர்களுக்கு டிரைகிளிசரைடு சீக்கிரம் இறங்குகிறது, ஏனென்றால் அந்தக் கொழுப்பு பாலாகிப் போகிறது. பிரசவம் முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ எடுத்த ரத்தத்தில் தெரியும் எண்ணை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை எழுதுவது சரியான மருத்துவம் ஆகாது. தைராய்டு குறைபாடு இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவது அரிதல்ல. தைராய்டையும் பார்த்து, சில மாதம் கழித்துக் கொழுப்பை மறுபடி அளந்து பார்த்தபின் பேசலாம்.

நம் மக்களின் கொழுப்புக்கு ஒரு தனிச் சாயலும் உண்டு. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியர்களில் 24 சதவீதம் பேருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம். ஆனால் 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். குறைவாக இருப்பவர்கள் 66.9 சதவீதம். அதாவது ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் வரும் வரிகளில் பெரும்பாலானவை, ஸ்டேட்டினை இன்றைக்கே தொடங்கு என்று சொல்லும் வரிகள் அல்ல. நடையும் சாப்பாடும் மாற்ற வேண்டியவை அவை.

சரி, ஸ்டேட்டின் என்ன செய்கிறது? கொலஸ்ட்ராலைக் கல்லீரல் தானே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பு வரிசையில் ஒரு முக்கியமான நொதியை இந்த மருந்து தடுக்கிறது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, 1970-களின் தொடக்கத்தில் சாங்க்யோ நிறுவனத்தில் ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சலித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூசணத்தில் இதைக் கண்டுபிடித்தார். 1987-ல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பைக் குறைத்ததில் இதற்கு ஈடான மருந்துகள் குறைவு. எண்டோ 2024 ஜூனில், தம் 90-ஆவது வயதில் மறைந்தார். ஸ்டேட்டின்மேல் பழி போடும் வாட்ஸ்அப் செய்திகள் நம்மூரில் ஏராளம். அவற்றோடு சேர்த்து எண்ணுவதற்காக இதை எழுதவில்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பால் குடிக்கும் குழந்தை விஷயத்தில் தயக்கம் ஏன் என்றால், அந்தக் குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். மூளையும் நரம்பும் வேகமாக வளரும் காலம். நரம்பைச் சுற்றிப் படியும் உறை கொழுப்பால் ஆனது. தாய்ப்பாலில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருக்கிறது. மாவுப் பாலில் மிகக் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால், மாவுப் பால் குடிக்கும் குழந்தையைவிடக் கூடுதலாக இருக்கும். அதே குழந்தை வளர்ந்து பெரியவர் ஆனபின் சற்றுக் குறைவாக இருக்கும். எனவே கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் மருந்து பால்வழியே போனால் அந்த வளர்ச்சியைக் கெடுக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை.

பாலில் எவ்வளவு போகிறது? ஸ்டேட்டின்களில் பெரும்பாலானவை ரத்தத்தில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்பவை. அடோர்வாஸ்டேட்டினில் 98 சதவீதம் அப்படி ஒட்டிக்கிடக்கும். பாலுக்குள் கசிவதற்கு மிஞ்சுவது கொஞ்சம். அப்படிக் கசிந்தது குழந்தையின் வயிற்றுக்குப் போனாலும், வாய்வழி சென்ற பெரும்பாலான ஸ்டேட்டின்களில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ரத்த ஓட்டத்தை எட்டுகிறது. தாய் சாப்பிடும் மருந்தில், எடைக்கேற்பக் கணக்கிட்டு, 10 சதவீதத்துக்குக் கீழ் குழந்தைக்குப் போனால் பொதுவாகக் கவலையில்லை என்பது மருந்தியலில் ஒரு தோராய விதி. ரோசுவாஸ்டேட்டினும் பிரவாஸ்டேட்டினும் அளந்து பார்த்த சில தாய்மார்களிடம் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் இருந்திருக்கின்றன. 'சில' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை அளந்தது ஒரு கைப்பிடித் தாய்மார்களைத்தான். அவர்களின் குழந்தைகளுக்குத் தீங்கு பதிவாகவில்லை என்பதும், அந்தக் குழந்தைகள் பத்து வயதில் எப்படி இருந்தார்கள் என்று யாரும் பெரிய அளவில் பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்பதும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய உண்மைகள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூலையில் ஒரு திருத்தம் செய்தது. கர்ப்ப காலத்தில் ஸ்டேட்டின் அறவே கூடாது என்று அதுவரை அட்டையில் இருந்த கடுமையான தடை வாசகத்தை நீக்கச் சொன்னது. இதற்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வுகள் உண்டு. 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, எட்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமான கர்ப்பங்களை அலசி, முதல் மூன்று மாதத்தில் ஸ்டேட்டின் சாப்பிட்ட 1,152 பெண்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடவில்லை என்றது. கருவுற்றது தெரியாமல் சாப்பிட்டுவிட்டேனே என்று கதறும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பாலூட்டும் விஷயத்தில் எஃப்.டி.ஏ. அவ்வளவு தளரவில்லை. ஸ்டேட்டின் சாப்பிடுவோர் பால் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. பலர் பாலூட்டி முடியும்வரை மாத்திரையைத் தள்ளிவைக்கலாம். மருந்து தொடர்ந்து தேவைப்படுவோர் மாவுப் பாலுக்குப் போக வேண்டும் என்றது.

மாத்திரையைத் தள்ளிவைக்கலாம் என்ற முதல் பாதியை நான் முழுக்க ஏற்கிறேன். மாவுப் பாலுக்குப் போகச் சொல்லும் இரண்டாம் பாதி அமெரிக்காவில் எழுதப்பட்ட வாசகம். ஓசூர் காலனியில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு அதை அப்படியே பொருத்தலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதைப் பிறகு பேசலாம்.

முதல் பாதி ஏன் சரி? கொழுப்பு ரத்தக் குழாயை அடைப்பது ஓரிரு மாத வேலையில்லை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் சேர்ந்து நடப்பது. முப்பது வயதுக்குக் கீழே, மாரடைப்பு வரலாறு இல்லாத, எண் மட்டும் சற்றுக் கூடிய ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் இருப்பதால் அவளுடைய ஆயுள் கணக்கில் பெரிய இழப்பு ஏதும் இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு மாதமும் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காமல் போவதில் இழப்பு இருக்கிறது. அவளுக்கும் இழப்புதான்: பால் கொடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் இதய நோயும் குறைவாகவே வருகின்றன. ஆகவே பெரும்பாலான இளம் தாய்மார்களுக்கு விடை எளிது: மாத்திரை காத்திருக்கட்டும், பால் தொடரட்டும். இது மருத்துவர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால்தான் வீட்டில் டப்பா திறக்கப்படுகிறது.

சிலருக்கு மாத்திரை காத்திருக்க முடியாது.

பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் என்று ஒன்று உண்டு. உலக அளவில் ஏறக்குறைய முந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.8 லட்சம், உலக விகிதமே இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் ஆறாயிரம் பேருக்கு மேல் வருகிறது. இவர்களுக்குக் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். சின்ன வயதிலிருந்தே 190-க்கு மேல் இருக்கும். சிலருக்குக் குதிகால் தசைநாண் தடித்திருக்கும், முழங்கையில் மஞ்சள் கட்டி தெரியும். அப்பாவோ மாமாவோ ஐம்பது வயதைத் தொடாமல் மார்வலியில் போயிருப்பார். நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவது இங்கே கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாதாரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத் திருமணங்களில் 28 சதவீதமும் கர்நாடகத்தில் 27 சதவீதமும் சொந்தத்துக்குள் நடந்தவை. கணவன், மனைவி இருவரிடமும் அந்த மரபணுக் கோளாறு இருந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு அது இரட்டையாகச் சேரலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு மாரடைப்பு பள்ளிக்கூடப் பருவத்திலேயே வரக்கூடும். அக்குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்தே ஸ்டேட்டின் கொடுக்கிறார்கள் என்பது, பால் வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கத் துணியும் மருந்தின் துளியைக் கண்டு இவ்வளவு அஞ்சுவானேன் என்று கேட்கிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'லாக்ட்மெட்' தகவல் தளமும் இந்த வாதத்தைப் பதிவுசெய்திருக்கிறது: கூடாது என்பது பொதுக்கருத்து; ஆனாலும், குறிப்பாக ரோசுவாஸ்டேட்டினிலும் பிரவாஸ்டேட்டினிலும், ஆபத்து குறைவு என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. நோயுள்ள குழந்தைக்கு மருந்தால் பலன் உண்டு. நோயில்லாத குழந்தைக்கு மருந்தின் துளியால் பலனே கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதே நேரம், துளி என்பது உண்மையிலேயே துளிதான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

இந்தப் பரம்பரை நோயுள்ள பெண்கள் கர்ப்பம், பாலூட்டல் என்று மருந்தை நிறுத்தி நிறுத்தி, சராசரியாக இரண்டு ஆண்டுக்கும் மேலான சிகிச்சையை இழக்கிறார்கள் என்று நார்வே, நெதர்லாந்து மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2021-ல் சொன்னது. ஆண்களுக்கு இந்த இழப்பு இல்லை. பிள்ளை பெற்றதற்கான வட்டியைப் பெண்ணின் இதயம் கட்டுகிறது.

அடுத்தது, ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள். பெங்களூரு ஜெயதேவா இதய நோய் மருத்துவமனை நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களைத் தனியாகப் பதிவுசெய்து ஆராய்ந்து வருகிறது. அந்த வரிசையில் பெண்கள் குறைவு, இல்லாமல் இல்லை. ஓசூர்வாசிக்கு ஜெயதேவாவும் பொம்மசந்திராவின் இதய மருத்துவமனையும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியைப் போலவே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சு வலியோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே பதினான்கு மாத்திரைகள் கொடுப்பார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அடோர்வாஸ்டேட்டின் எட்டு. வருபவர் கைக்குழந்தைக்காரியாக இருந்தால் அந்த எட்டைத் தவிர்க்கலாமா என்று செவிலியர் ஒரு கணம்கூட யோசிக்கக் கூடாது. முதலில் அவள் உயிர் பிழைக்கட்டும். பால் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்த இடத்தில்.

உயிர் பிழைத்து டிஸ்சார்ஜ் ஆகும் பெண்ணின் பையில் இருக்கும் மருந்துகளைப் பாருங்கள். சிறு அளவு ஆஸ்பிரின், மெட்டோபிரலால், எனலாபிரில்: இவை பாலூட்டுபவர்களுக்கு ஏற்றவை என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. வாசல் தேடி வரும் மெட்ஃபார்மினும் அப்படித்தான். பெரும்பாலும் சிக்கல் ஸ்டேட்டினில்தான் வந்து நிற்கிறது. ஒரே ஒரு மாத்திரைக்காக மொத்தமாகப் பாலை நிறுத்து என்று எழுதிவிடுவது மருத்துவருக்குச் சுலபம். எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்தது. ஆனால் இங்கே பேசுவதற்கு நிறைய இருக்கிறது. குழந்தை குறைப்பிரசவத்தில் பிறந்து இரண்டு கிலோவுக்குக் கீழே இருக்கிறதா? அப்படியென்றால் எச்சரிக்கை கூட வேண்டும். ஒன்பது மாதமாகி, கேழ்வரகுக் கஞ்சியும் இட்லியும் தின்று, ராத்திரி ஒருமுறை மட்டும் பால் குடிக்கிறதா? அப்படியென்றால் அதன் வயிற்றுக்குப் போகும் மருந்து மிக மிகச் சொற்பம். தாய்க்கு எத்தனை மில்லிகிராம் தேவை? அடோர்வாஸ்டேட்டினுக்குப் பதில் ரோசுவாஸ்டேட்டின் போதுமா? இதயநோய் நிபுணரும் குழந்தை மருத்துவரும் ஒருமுறை போனில் பேசிக்கொண்டால் இதில் பாதி முடிந்துவிடும்.

குடலுக்குள்ளேயே நின்று பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் பிசின் வகை மருந்துகளும் உண்டு. ரத்தத்தில் கலக்காததால் பாலிலும் வராது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரம்பரைக் கொலஸ்ட்ரால் வழிகாட்டியில், பாலூட்டும் காலத்தில் கருதத்தக்க மருந்து இவை மட்டுமே என்கிறது. மலச்சிக்கல் வரும், நீண்ட நாள் சாப்பிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறையும், எல்.டி.எல். குறைவதும் ஸ்டேட்டின் அளவுக்கு இல்லை. இங்கே அதிகம் எழுதப்படுவதும் இல்லை. எசிடிமைப், ஃபீனோஃபைப்ரேட் போன்றவற்றுக்குப் பாலூட்டல் பற்றிய தரவே போதாது. ஸ்டேட்டின் வேண்டாம் என்று அவற்றுக்கு மாறுவது பாதுகாப்பான வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மாத்திரை சாப்பிட்டு நாலு மணி நேரம் கழித்துப் பால் கொடுத்தால் போதும், முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடலாம் என்ற யோசனையும் உலவுகிறது. ரோசுவாஸ்டேட்டின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 19 மணி நேரம் பிடிக்கிறது. நாலு மணி நேரக் காத்திருப்பில் குழந்தை பசியில் அழும். பெரிய பலன் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'இயற்கை', 'பக்கவிளைவு இல்லாதது' என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல்களில் இருப்பது லோவாஸ்டேட்டினேதான். அளவு மட்டும் யாருக்கும் தெரியாது. மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு இதை வாங்கும் தாய், தெரிந்த அளவை விட்டுத் தெரியாத அளவுக்குப் போகிறாள். பத்தியச் சாப்பாட்டில் பூண்டு தாராளமாகப் போடுகிறார்களே, அதில் ஒரு தொந்தரவும் இல்லை. கொழுப்புக்கு மருந்தாகவும் அதை நம்ப வேண்டாம்.

இப்போது அந்த மாவுப் பால். 2019-21 கணக்கெடுப்பில் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் இந்தியாவில் 63.7 சதவீதம். தமிழ்நாடு, மருத்துவமனைப் பிரசவத்தில் முன்னணியில் நின்றாலும், இதில் அந்தச் சராசரிக்குக் கீழே இருக்கிறது. டப்பாவை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்ட நாடு இது. ஆனால் விளம்பரம் தேவையில்லை. "இந்த மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்காதே" என்ற ஒற்றை வாக்கியம் போதும். சிப்காட்டைச் சுற்றி ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி பக்கம் வரிசை வீடுகளில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவர்கள், பாட்டிலைக் கொதிக்க வைத்து, நல்ல தண்ணீரில், அளந்த மாவில் பால் கலக்க வேண்டும். மாதக் கடைசியில் டப்பா தீராமல் இருக்க ஒரு கரண்டி குறைத்துப் போடுவார்கள். வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்டேட்டினின் ஊகமான ஆபத்துக்கும் இந்தக் கண்ணால் கண்ட ஆபத்துக்கும் நடுவில்தான் தராசைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த வாசகத்தை எழுதியவர்களின் தராசில் இரண்டாவது தட்டு இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

உண்மையில், இந்த வட்டாரத்தில் தாய்ப்பாலை முன்கூட்டியே நிறுத்தவைப்பதில் மாத்திரையைவிட ஷிஃப்டுக்குப் பங்கு அதிகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது 1961 சட்டத்திலேயே இருந்தது. சட்டத்தில் இருப்பது வேறு. குழந்தை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ராயக்கோட்டையில் பாட்டியிடம் இருக்கும்போது இடைவேளையை வைத்து என்ன செய்வது? கம்பெனி பஸ்ஸில் காலை ஐந்து மணிக்கு ஏறும் பெண்ணுக்குக் காப்பகம் என்பது குழந்தையையும் அந்த பஸ்ஸில் ஏற்றிவரும் கேள்வி. பால் ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட வீட்டில் மாத்திரைச் சீட்டு கடைசித் துரும்பாக வந்து விழுகிறது.

எல்லை ஊருக்கென்று ஒரு தலைவலியும் இருக்கிறது. கர்ப்ப காலப் பரிசோதனை ஓசூரில். பிரசவம் தாய்வீட்டில், அது மாலூரிலோ ஆனேக்கல்லிலோ குப்பத்திலோ இருக்கலாம். இதயச் சிகிச்சை பெங்களூரில். மாதாந்திர மாத்திரை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அல்லது வாசலில். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவில் புழங்கும் ஊரில் மருந்துச் சீட்டு மட்டும் ஆங்கிலத்தில், அதிலும் எழுதியவருக்கே விளங்காத கையெழுத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி எண் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அதைப் பின்தொடர்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தப் பட்டியல் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் கையில். இருவரும் ஒரே தெருவில் நடக்கிறார்கள், ஒரே வாசலில் நிற்கிறார்கள். பட்டியலில் உள்ள பெண்ணுக்குக் கைக்குழந்தை உண்டா என்று ஒருவர் மற்றவரைக் கேட்கப் புதிய திட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. ஆலைகளின் மருத்துவ அறையில் ரத்தம் எடுக்குமுன் நிரப்பும் படிவத்தில் 'கர்ப்பிணியா' என்று கேட்கிறார்கள். அதே வரியில் 'பாலூட்டுகிறீர்களா' என்று சேர்ப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம் மை.

மருந்துக் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையில் உள்ளதைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் "பாலை நிறுத்திடுங்க" என்பதற்குப் பதில், "எழுதின டாக்டர்கிட்ட ஒருதடவை கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் பால் கொடுங்க, மாத்திரை ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று சொல்லலாம். ஸ்டென்ட் வைத்தவராகவோ பரம்பரை நோயாளியாகவோ இருந்தால் மட்டும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்தும் கேட்கலாம். தெரியாமல் நாலைந்து வாரம் ஸ்டேட்டின் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்துவிட்ட தாய் குற்றவுணர்வில் நொந்துபோக வேண்டியதில்லை. குழந்தையின் எடையும் வளர்ச்சியும் சரியாக இருக்கிறதா என்று அடுத்த தடுப்பூசி நாளில் காட்டினால் போதும்.

தள்ளிவைத்த மாத்திரையை யார் நினைவில் வைத்திருப்பது என்பது மட்டும் பாக்கி. பால் மறந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கி, அடுத்த கர்ப்பமும் வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் எல்.டி.எல். பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் சுகாதார நிலையத்துக்கு எப்படியும் வருவாள். அடுத்த ஊசி பதினாறாம் மாதத்துக்கு மேல். அந்த இரண்டு வருகைகளில் ஏதோ ஒன்றில், தாய்-சேய் நல அட்டையில் முன்பே எழுதி வைத்த ஒரு வரியைப் பார்த்து, குழந்தைக்கு ஊசி போட்ட கையோடு தாயிடமும் ரத்தம் எடுத்துவிடலாம்.